‘மாசம் எவ்வளவு வருது?’: ஃப்ரீலான்சரிடம் பதில் இல்லாத கேள்வி

2019 சித்திரையில் திருச்சியில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை, பாயசம் ஊற்றுகிறவரை நிறுத்தி இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டே கேட்டார்: “வேலையை விட்டுட்டு வீட்லயே ஏதோ பண்றியாமே. மாசம் எவ்வளவு வருது?”

“அறுபதுகிட்ட வருது அத்தை” என்றேன்.

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. அதற்கு முந்தைய மார்ச்சில் என் வங்கிக் கணக்குக்கு 58,500 ரூபாய் வந்திருந்தது. மார்ச்சுக்கு முந்தைய பிப்ரவரியில் வந்தது பூஜ்யம். அதை அத்தை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நம் ஊரில் வருமானத்தைக் கேட்பது தப்பே கிடையாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கூட கேட்பார். பணத்தைப் பற்றிப் பேசுவதே அநாகரிகம் என்கிற கூச்சம் இங்கே கொஞ்சம் குறைவு. ஆனால் கேட்கிறவரைப் பார்த்துப் பதில் மாறும். பொண்ணு கொடுக்கக்கூடிய இடம் கேட்டால் தொகை ஏறும், கைமாத்து கேட்கக்கூடிய ஆள் கேட்டால் இறங்கும். மாதச் சம்பளக்காரர் இந்த விளையாட்டை ஆயிரம் இரண்டாயிரம் ஏற்றி இறக்கி ஆடுவார், அவ்வளவுதான். ஃப்ரீலான்ஸ் வேலைக்குப் புதிதாக வந்தவருக்கோ பூஜ்யத்திலிருந்து அறுபதாயிரம் வரை எதைச் சொன்னாலும் அது ஏதோ ஒரு மாதத்தின் உண்மையாக இருந்துவிடுகிறது. அதனால் அவர் நல்ல மாதத்தைச் சொல்லிவிடுகிறார்.

நான் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறவன். மருந்து ஆய்வில் சேரும் நோயாளிகளுக்கான ஒப்புதல் படிவம், வாஷிங் மெஷின் கையேடு, வங்கி ஆப்பில் வரும் அறிவிப்பு, ஆன்லைன் பாடங்களுக்கு சப்டைட்டில், இந்த மாதிரி. 2018 மே மாதம் கோயம்புத்தூரில் 28,000 ரூபாய் சம்பள வேலையை விட்டுவிட்டு லால்குடிக்கே திரும்பி வந்தேன். ஜூனிலிருந்து தனியாள். முதல் பன்னிரண்டு மாதத்தில் வங்கிக்கு வந்தது இது: ஜூன் 0, ஜூலை 4,200, ஆகஸ்ட் 11,700, செப்டம்பர் 6,300, அக்டோபர் 31,500, நவம்பர் 2,250, டிசம்பர் 19,800, ஜனவரி 9,000, பிப்ரவரி 0, மார்ச் 58,500, ஏப்ரல் 13,500, மே 21,600.

கூட்டினால் 1,78,350 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 14,862. இந்தச் சராசரியைச் சொல்லியிருந்தாலாவது நியாயமாக இருந்திருக்குமா? அதுவும் சந்தேகம்தான். பன்னிரண்டில் எட்டு மாதம் அந்தச் சராசரியை எட்டவே இல்லை. வருட வரவில் பாதி, அக்டோபர், மார்ச் என்ற இரண்டே மாதத்தில் வந்திருக்கிறது. மற்ற பத்து மாதத்துக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் சராசரி 8,835. மாதங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 10,350 வருகிறது. என் அந்த வருட வாழ்க்கைக்கு நெருக்கமான எண் இந்தக் கடைசி எண்தான். பதினைந்தாயிரம் வருகிற வீடு மாதிரி நாங்கள் செலவு செய்யவில்லை, பத்தாயிரம் வருகிற வீடு மாதிரிதான் செய்தோம்.

இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டால் புதிதாக வந்த எல்லோரும் “வேலை சரியா வரல” என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் ஒரு நாள் நோட்டில் ஒவ்வொரு தொகைக்கும் எதிரே மூன்று தேதி எழுதிப் பார்த்தேன்: வேலையை முடித்துக் கொடுத்த தேதி, பில் போட்ட தேதி, பணம் வந்த தேதி. மார்ச்சில் வந்த அந்தப் பெரிய தொகை, நவம்பரிலும் டிசம்பரிலும் செய்த ஒப்புதல் படிவங்களுக்கானது. எனக்கு வேலை தரும் மொழிபெயர்ப்பு ஏஜென்சி மாதக் கடைசியில்தான் பில்லை ஏற்கும். ஏற்றுக்கொண்டதிலிருந்து 60 நாள் தவணை. அதற்கு மேல் சில நாள் இழுத்தடிப்பு. மார்ச் 31 கணக்கு முடிக்கிற நாள் என்பதால் பழைய பாக்கியை எல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டார்கள். பூஜ்யமாகப் போன பிப்ரவரியில் நான் சும்மா உட்கார்ந்திருக்கவே இல்லை. கடைசிப் பன்னிரண்டு நாளில் மட்டும் 24,000 சொல், சொல்லுக்கு 90 காசு. அந்த 21,600 ரூபாய் மே மாதத்தில் வந்தது.

அதே பணத்தை வேலை செய்த மாதப்படி மறுபடி அடுக்கியபோது பூஜ்யம் ஒன்றுகூட இல்லை. மிகப் பெரிய மாதமும் முப்பத்தேழாயிரத்தோடு நின்றுவிட்டது. அதாவது, நான் வேலையின் ஏற்ற இறக்கம் என்று பயந்ததில் பெரும்பகுதி வசூலின் ஏற்ற இறக்கம். இரண்டுக்கும் மருந்து வேறு. வேலை வரவில்லை என்றால் புது ஆட்களைத் தேட வேண்டும், மாதிரி மொழிபெயர்ப்பு அனுப்ப வேண்டும். வசூல் தாமதம் என்றால் தவணையை முதலிலேயே பேசியிருக்க வேண்டும், பெரிய வேலைக்கு முன்பணம் கேட்டிருக்க வேண்டும். நான் பிப்ரவரியில் செய்தது என்ன தெரியுமா? வேலை இல்லை என்று பயந்து ரேட்டைக் குறைத்தேன். கையில் வேலை நிரம்பி வழிகிற மாதத்தில்!

இதில் இன்னொரு சின்ன சிக்கல் டிடிஎஸ். தொழில்முறை சேவைக்குப் பணம் தரும் நிறுவனம் 10 சதவீதம் வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பும். ஒரே நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு 30,000 ரூபாய்க்கு மேல் போனால் பிடித்தம் என்பது அப்போதைய வரம்பு, 2025 ஏப்ரலிலிருந்து அது 50,000. எனக்கு வந்த 31,500 உண்மையில் 35,000, 58,500 உண்மையில் 65,000, 19,800 உண்மையில் 22,000. மொத்தப் பிடித்தம் 12,200 ரூபாய். என் வருமானம் வரி கட்டுகிற அளவே இல்லை, ஆகவே ரிட்டர்ன் தாக்கல் செய்தபின் முழுவதும் திரும்பி வந்தது. வந்தது 2019 செப்டம்பரில். 2018 அக்டோபரில் கொடுத்த பில்லின் ஒரு துண்டு கிட்டத்தட்ட ஒரு வருடம் சுற்றிவிட்டுக் கைக்கு வந்திருக்கிறது. இதை எந்த மாத வருமானம் என்று எழுதுவது?

சரி, அத்தையிடம் சொன்ன அறுபதுக்கு வருகிறேன். அந்தப் பேச்சு மாமா காதுக்குப் போனது. தெரிந்தவர்களாகச் சேர்ந்து போடும் சீட்டு ஒன்றில் ஓர் ஆள் குறைகிறது, மாசம் ஐயாயிரம்தானே, உனக்கு என்ன பெரிய விஷயம் என்று என்னையும் சேர்த்துவிட்டார். மறுக்க வாய் வரவில்லை. மறுத்தால் அறுபது எங்கே என்ற கேள்வி வரும். வைகாசியும் ஆனியும் எப்படியோ கட்டினேன். ஆடி மாதம், மூன்றாவது தவணைக்கு, அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. ஏறி இறங்குகிற வரவுக்கு எதிரே ஏறாத இறங்காத ஒரு தவணையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளாமல் இப்படித் தெரிந்துகொண்டேன்.

அன்று இரவுதான் அந்த நோட்டை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தேதிகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “அப்ப இது சம்பளம் இல்லடா, வெள்ளாமை. இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன?” என்றார்.

எங்கள் பக்கம் காவிரிப் பாசனம். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் குறுவை உண்டு, தள்ளிப்போனால் சம்பா மட்டும்தான். அறுத்த நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் எடை போடக் காத்துக் கிடக்கும், பணம் அப்புறம் வரும். அதுவரை மளிகைக் கடையில் பற்று. இந்த வீடுகளில் விவசாயியைப் பார்த்து யாரும் மாசம் எவ்வளவு வருது என்று கேட்பதில்லை. “மாவுக்கு எத்தனை மூட்டை கண்டுச்சு?” என்றுதான் கேட்பார்கள் (மா என்பது நில அளவு). பதில் சொல்கிறவரும் மூட்டையோடு நிறுத்த மாட்டார். எத்தனை மா நட்டார், உரத்துக்கு என்ன ஆனது, எத்தனை மூட்டை மழையில் நனைந்தது, இன்னும் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எல்லாம் சேர்ந்து வரும். கேட்கிறவருக்கு முழுப் படமும் கிடைத்துவிடும். ஏறி இறங்கும் வருமானத்தைத் திறந்து பேசுவதற்கு நம்மிடம் ஒரு பழைய முறை இருக்கத்தான் செய்கிறது. லேப்டாப்பில் உட்கார்ந்ததும் நாம் அதை மறந்துவிட்டுச் சம்பளக்காரர் பாஷையில் பேசத் தொடங்கிவிடுகிறோம்.

இணையத்தில் வருமானத்தைத் திறந்து காட்டுவது வேறு வழியில் வளர்ந்தது. அமெரிக்காவில் கட்டடக்கலை நிறுவன வேலையை 2008-ல் இழந்த பேட் ஃப்ளின், தன் இணையத் தொழிலில் மாதாமாதம் என்ன வந்தது, என்ன செலவானது என்பதை அந்த வருடமே வெளியிட ஆரம்பித்தார். 2017 வரை விடாமல் போட்டார். அவரைப் பார்த்துப் பலரும் போட்டார்கள். செலவையும் சேர்த்துக் காட்டியது அவருடைய நேர்மை என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த அறிக்கைகளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். வரவில் பெரிய பங்கு, வெப் ஹோஸ்டிங் மாதிரியான சேவைகளைப் பரிந்துரைத்ததற்கான கமிஷன். நாமும் இப்படிச் சம்பாதிக்கலாம் என்று அறிக்கையைப் படித்தவர் அதே இணைப்பை அழுத்தித் தளம் தொடங்குவார், அந்தக் கமிஷன் அடுத்த மாத அறிக்கையில் ஏறும். வருமானத்தைச் சொல்வதே வருமானமாகிவிடுகிற சுழற்சி இது. ஒப்புதல் படிவம் மொழிபெயர்க்கிறவனுக்கு அந்த வசதி கிடையாது. நான் பிப்ரவரியில் பூஜ்யம் என்று எழுதினால் எனக்கு யாரும் கமிஷன் தரப் போவதில்லை.

அந்தப் பழக்கம் நம்மிடம் வந்தபோது செலவுப் பக்கம் உதிர்ந்துவிட்டது. யூடியூபில் ‘வீட்டிலிருந்தே மாதம் ஒரு லட்சம்’ என்று சிவப்பு வட்டம் போட்ட ஸ்கிரீன்ஷாட்தான் மிச்சம். அந்த ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கிற டாலர் பெரும்பாலும் பிடித்தத்துக்கு முந்தையது. ஃபைவர் 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, 100 டாலர் வேலைக்கு 80தான் நமக்கு. அப்வொர்க் ஒரு காலத்தில் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமிருந்தும் வரும் முதல் 500 டாலருக்கு 20 சதவீதம் பிடித்தது, 2023 மே மாதம் எல்லாவற்றுக்கும் 10 என்று ஆக்கியது, 2025 மே முதல் வேலையைப் பொறுத்து 0-விலிருந்து 15 வரை. இதற்கு மேல் டாலரை ரூபாயாக மாற்றும்போது ஒரு கழிவு. அதற்கும் மேல் இன்வெர்ட்டர், நெட், நாற்காலி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லேப்டாப் பேட்டரி. சம்பளத்தோடு ஒப்பிடுகிறவர்கள் இன்னொன்றையும் விட்டுவிடுவார்கள். பி.எஃப்.பில் முதலாளி போடும் 12 சதவீதம், ஈ.எஸ்.ஐ., சம்பளத்தோடு வரும் ஞாயிற்றுக்கிழமை, இதெல்லாம் நம் கணக்கில் வராது. வேலையை விடலாமா என்று யோசிக்கும் இருபத்தைந்து வயதுப் பையனுக்கு அந்தச் சிவப்பு வட்டம் எதையுமே சொல்லவில்லை என்பது என் கருத்து. அதைவிட, அது எத்தனையாவது வருடத்து எண் என்பதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டு இருப்பது நல்லதா? இல்லை. அதற்கு ஒரு டீக்கடைக் கதை இருக்கிறது.

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில், 2019 ஐப்பசி, விடாத மழை. என்னைப் போலவே மொழிபெயர்க்கும் மூன்று பேரை முதல்முறையாக நேரில் பார்த்தேன். ஒரே ஏஜென்சிக்கு நாலு பேரும் வேலை செய்கிறோம் என்பது பேச்சில் தெரிந்தது. ரேட் என்ன என்று யாரும் முதலில் சொல்லவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒருவர் பேப்பர் நாப்கினில் எழுதி மடித்து நடுவில் வைக்கலாம் என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சீட்டு விளையாடுகிற மாதிரி பிரித்துப் பார்த்தோம். 80 காசு, 90 காசு, 1 ரூபாய் 10 காசு, 1 ரூபாய் 60 காசு. அந்த 90 நான். 1.60 வாங்கியவர் எங்களைவிட இரண்டு மடங்கு நன்றாக மொழிபெயர்ப்பவர் என்றால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் செய்த ஒரே வேறு காரியம், முதல் மின்னஞ்சலில் 1.60 என்று கேட்டது. மற்ற மூன்று பேரும் “நீங்களே சொல்லுங்கள்” என்றிருக்கிறோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனசு சரியில்லை. பிப்ரவரியில் செய்த 24,000 சொல்லையும், அவர் ரேட்டுக்கும் என் ரேட்டுக்கும் வித்தியாசமான 70 காசால் பெருக்கிக்கொண்டே வந்தேன். 16,800 ரூபாய். இந்த எரிச்சலைப் பற்றி ஓர் ஆராய்ச்சியே உண்டு. கலிஃபோர்னியாவில் அரசு ஊழியர் சம்பளம் பொதுத் தகவல், ஒரு நாளிதழ் அதை இணையத்தில் தேடும்படி போட்டிருந்தது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஊழியர்களில் சிலருக்கு மட்டும் ‘இப்படி ஒரு தளம் இருக்கிறது’ என்று மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்தார்கள் டேவிட் கார்ட் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள். 2012-ல் வெளியான முடிவு இது: தங்கள் பிரிவின் நடுச் சம்பளத்துக்குக் கீழே வாங்குகிறவர்களுக்குத் திருப்தி குறைந்தது, வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது. மேலே வாங்குகிறவர்களுக்குச் சந்தோஷம் ஒன்றும் கூடவில்லை. திறந்து பேசுவதால் வருகிற வலி முழுக்கக் கீழே இருக்கிறவருக்கு. ஆனால் அரசு ஊழியருக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர் தன் சம்பளத்தை மறுநாளே மாற்றிக் கேட்க முடியாது, என்னால் முடியும். அடுத்த வேலைக்கு 1.50 என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் “ஓகே, ப்ரொசீட்” என்று பதில் வந்தது. அந்தப் பத்து நிமிடம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. கொஞ்சமாவது யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டிருக்கலாம்.

வருமானத்தைச் சொல்லாமல் இருப்பதால் யாருக்கு லாபம் என்பது எனக்கு அந்த மழை நாளில்தான் விளங்கியது. ஏஜென்சிக்கு எங்கள் நாலு பேர் ரேட்டும் தெரியும். எங்களுக்கு அவரவர் ரேட் மட்டும்தான் தெரியும். ஒருவரை ஒருவர் போட்டி என்று நினைத்து மறைத்ததில் நாங்கள்தான் ஏமாந்தோம்.

இதிலும் ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. ‘நான் இவ்வளவு வாங்கினேன்’ என்று சொல்வது ஒன்று, ‘இனி யாரும் இதற்குக் கீழே வாங்கக் கூடாது’ என்று கூடிப் பேசி முடிவெடுப்பது வேறு. அமெரிக்காவில் 1990-களில் மாநாடுகளில் பேச்சை உடனுக்குடன் மொழிபெயர்க்கிறவர்களின் சங்கங்கள் உறுப்பினர்களுக்குக் கட்டணம் நிர்ணயித்ததை விலைக் கூட்டு என்று சொல்லி அங்கே வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு ஆணையமே தடுத்தது. பெரிய கம்பெனிகளைக் கட்டுப்படுத்த எழுதிய சட்டம் தனியாளாக உழைக்கிறவர் மேலும் பாய்ந்தது. தொழிற்சங்கமாகச் சேர்ந்து கூலி பேசும் தொழிலாளிக்கு இருக்கிற பாதுகாப்பு, காகிதத்தில் ‘தனித் தொழில் நடத்துபவர்’ ஆன நமக்கு அப்படியே வந்துவிடாது. அதனால் டீக்கடையில் பழைய பில்லைப் பற்றிப் பேசிக்கொள்வதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

ஊர் முழுக்கத் தெரிகிற மாதிரிச் சொல்வது சரியா என்பது தனிக் கேள்வி. நார்வேயில் யாருடைய வரிக் கணக்கில் என்ன வருமானம் பதிவாகியிருக்கிறது என்பதை யாரும் தேடிப் பார்க்கலாம். 2014-ல் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள்: தேடியது யார் என்பது தேடப்பட்டவருக்குத் தெரிந்துவிடும். உடனே தேடல்கள் மளமளவென்று குறைந்துவிட்டன. பார்க்க ஆசை எல்லோருக்கும் உண்டு, பார்த்தோம் என்று தெரிய ஆசை இல்லை. இந்தியா இதற்கு நேர் எதிர். வருமான வரிக் கணக்கு தனிப்பட்ட தகவல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் பொது நலக் காரணம் இல்லாமல் கேட்டுப் பெற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் கிரீஷ் ராம்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் சொல்லிவிட்டது. ஆக, இங்கே யாருக்கு எதைத் திறப்பது என்பது நம் கையில்தான் இருக்கிறது.

நான் வைத்திருக்கும் வழக்கம் அனுபவத்தில் அடிபட்டு வந்தது. வீட்டுக்கு எல்லாம் தெரியும், வராத பாக்கி உட்பட. பாக்கிதான் வீட்டுக்குத் தெரிய வேண்டிய முதல் விஷயம், ஏனென்றால் அடுத்த இரண்டு மாதத்தின் அரிசி அதில் இருக்கிறது. சக மொழிபெயர்ப்பாளர்களுக்கு ரேட்டும், எந்த மாதிரி ஏஜென்சி எத்தனை நாளில் பணம் போடுகிறது என்பதும் தெரியும். ரகசிய ஒப்பந்தம் போட்ட வேலை என்றால் வாடிக்கையாளர் பெயர் வராது. புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வருடம் பழைய கணக்கைக் காட்டுவேன், நடப்பு மாதத்தைக் காட்ட மாட்டேன். ஒரு தடவை, வேலை இல்லாத மாதத்தில், ‘இந்த மாதம் மூவாயிரம்தான்’ என்று பொதுவில் எழுதினேன். வேண்டியவர்கள் ஆறுதல் சொன்னார்கள். ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, “இப்ப ஃப்ரீயாதான் இருப்பீங்க, கொஞ்சம் ரேட் பார்த்துப் போட்டுக் குடுங்களேன்” என்றார். வாங்குகிறவருக்கு நம் காலிப் பானை தெரியக் கூடாது. சந்தையில் காய்கறி விற்கும் பாட்டிகூட சாயங்காலம் ஆகிவிட்டது என்பதை முகத்தில் காட்ட மாட்டார்.

பணம் வரும் தேதியைப் பகிர்வதில் இன்னொரு பலன் இருக்கிறது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு வாங்குபவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘பேங்க் ரேட்’ என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. தனியாளாகச் சேவை செய்கிறவரும் மத்திய அரசின் உத்யம் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். என்னிடம் ‘60 நாள் தவணை’ என்று ஏஜென்சி சொன்னபோது இது எதுவும் எனக்குத் தெரியாது. டீக்கடையில் இருந்த நாலு பேரில் ஒருவர், உத்யம் வருவதற்கு முன் இருந்த உத்யோக் ஆதார் முறையில், பதிவு செய்திருந்தார், அவருக்கு மட்டும் 45-வது நாளில் பணம் போய்க்கொண்டிருந்தது. 2023-24 கணக்காண்டிலிருந்து இன்னொரு பிடியும் சேர்ந்தது: சட்டம் சொன்ன நாளுக்குள் கொடுக்காமல் ஆண்டு முடிந்தபின் கொடுத்தால், வேலையை வாங்கிய நிறுவனம் அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் கணக்கில் காட்ட முடியாது, கொடுத்த ஆண்டில்தான் காட்ட முடியும். பெரிய கம்பெனிகளின் கணக்குப் பிரிவு உத்யம் சான்றிதழ் இருக்கிறதா என்று அவர்களாகவே கேட்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். சிலர் இல்லாதவர்களாகத் தேடுகிறார்கள் என்றும் பேச்சு.

வங்கிக்கும் நமக்கும் உள்ள உறவு தனிக் கதை. கடன் கேட்டுப் போனால் சம்பளச் சீட்டு இருக்கா என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றதும் இரண்டு மூன்று வருட ரிட்டர்ன் கேட்பார்கள். அத்தையின் கேள்விக்கும் வங்கியின் கேள்விக்கும் உள்ள ஒரே வித்தியாசம், வங்கிக்கு மார்ச் மாதத்தை மட்டும் காட்டிச் சமாளிக்க முடியாது. ஆரம்ப வருடத்திலிருந்தே, வரி இல்லாவிட்டாலும், ரிட்டர்ன் போட்டு வைத்தவர்கள் இங்கே தப்பித்தார்கள்.

அத்தையிடம் பின்னாளில் உண்மையைச் சொன்னேன். கம்மலை மீட்ட பிறகு, தைப் பொங்கலுக்குப் போனபோது. நோட்டைக் கொண்டுபோகவில்லை, வாயால்தான் சொன்னேன்: வருஷத்துக்கு ஒண்ணே முக்கால் லட்சம் வந்தது, அதில் பாதி ரெண்டு மாசத்தில் வந்தது, ரெண்டு மாசம் ஒன்றுமே வரவில்லை, இப்போது அறுபத்திரண்டாயிரம் வெளியே நிற்கிறது. அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “வெளிய நிக்கிறது நல்ல எடந்தானா, வருமா?” என்று கேட்டார். மூன்று பேரிடமிருந்து, ஒன்று மட்டும் சந்தேகம் என்றேன். அந்த ஒருவனுக்கு இனி வேலை செய்யாதே என்று சொல்லிவிட்டுக் கரும்பை ஒடிக்கப் போய்விட்டார். ஆடிட்டர்கூட எனக்கு அவ்வளவு சுருக்கமாக ஆலோசனை சொன்னதில்லை.

போன வாரம் தூரத்து உறவில் ஒரு தம்பி போன் செய்தான். ஐ.டி. கம்பெனியில் டெஸ்டிங் வேலை, விட்டுவிட்டு டிசைன் பக்கம் தனியாக வரலாமா என்று யோசனை. “அண்ணா, மாசம் எவ்வளவு வரும்?” என்றான். என் முதல் வருடப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன், மூன்று தேதிகளோடு. அரை மணிநேரம் பதில் இல்லை. அப்புறம் மார்ச்சைப் பற்றி ஒன்றும் கேட்காமல், “பிப்ரவரியில என்ன பண்ணீங்க?” என்று மட்டும் அனுப்பியிருந்தான். போன் போட்டு, மளிகைக் கடைப் பற்று நோட்டிலிருந்து ஆரம்பித்தேன்.